நான்கு டோட்டம், ஒரு கரடி

டாரென் இனத்தைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கேள்வி வரும். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 2004 நவம்பரில் வெளிவந்தபோது அதில் எட்டு இனங்கள், ஒன்பது கிளாஸ்கள். ஷாமன் ஆக ஆசைப்பட்டால் ஆர்க், ட்ரோல், டாரென் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். ட்ரூயிட் ஆக நைட் எல்ஃப் அல்லது டாரென். இரண்டு கதவும் திறந்திருந்தது டாரெனுக்கு மட்டும். 2019 ஆகஸ்டில், ஆட்டத்தை உருவாக்கிய பிளிஸார்ட் அந்தப் பழைய ஆட்டத்தையே ‘கிளாசிக்’ என்ற பெயரில் மறுபடி திறந்தது. கொம்பும் குளம்புமாக, மண்ணை வணங்கி வாழும் அந்த மக்கள்மீது எனக்குப் படங்களில் பார்த்தபோதே பிரியம். இனத்தில் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் அடுத்த பொத்தானில்.

பெரியம்மா மகன் நெதர்லாந்தில் இருக்கிறார். 2005-இல் படிக்கப் போனபோது அங்கே இந்த ஆட்டத்துக்குள் நுழைந்தவர். கிளாசிக் வருகிறது என்றதும் கோவையில் இருந்த என்னையும் இழுத்துக்கொண்டார். ஐரோப்பிய சர்வர், அவருடைய பழைய நண்பர்களின் கில்டு, எல்லாம் தயார்.

“நான் வாரியர்தான். நீ ஷாமன் எடுத்துக்கோ கண்ணு. விண்ட்ஃபியூரி நட்டு வெச்சீன்னா அண்ணன் அடிக்கற அடியப் பாரு.”

“ட்ரூயிடும் நல்லாத்தானுங்ண்ணா இருக்குது?”

“நல்லாத்தான் இருக்கும். அறுபதாவது லெவலுக்கு அப்புறம் எங்க உக்கார வெப்பாங்கங்கறதுதான் கேள்வி.”

ஆட்டம் அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வகை ஆட்டங்களில் சண்டைக்கு மூன்று வேலைகள். எதிரியின் கோபத்தைத் தன் பக்கம் திருப்பி அடியை வாங்கி நிற்பவர் டேங்க். அவர் உயிர் இறங்காமல் பார்த்துக்கொள்பவர் ஹீலர். மற்றவர்கள் அடிப்பவர்கள், அந்த வேலைக்கு டேமேஜ் என்று பெயர். மேஜுக்கும் ரோக்குக்கும் அடிப்பது ஒன்றே பிழைப்பு. ஹைப்ரிட் என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைக்குத் தோள் கொடுக்கக்கூடியவர். ஷாமன் காயம் ஆற்றுவார், மின்னல் எறிவார், கோடரி தூக்கி நேருக்கு நேர் மோதவும் செய்வார். ட்ரூயிட் மூன்று வேலையும் செய்வார்: கரடியாக நின்று அடி வாங்குவார், பூனையாகப் பதுங்கிப் பாய்வார், சொந்த உருவில் காயம் ஆற்றுவார்.

இந்த ஆசை கணினிக்கு முந்தியது. 1974-இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிகளிலேயே எல்ஃப் ஒருவர் ஒரு பயணத்தில் போர்வீரராகவும் அடுத்த பயணத்தில் மந்திரவாதியாகவும் போகலாம். அடுத்த ஆண்டு பாலடினும், 1976-இல் ட்ரூயிடும் அங்கே ஆடத்தக்க கிளாஸ்களாகச் சேர்ந்தார்கள். ஆசையோடு சிக்கலும் வந்தது. எல்லாம் செய்கிற ஒருவர் எல்லாவற்றையும் முழுசாகவே செய்துவிட்டால், ஒன்றே செய்கிறவரை யார் தேடிப் போவார்கள்? அதனால் ஒவ்வொரு ஆட்டமும் ஹைப்ரிட்டிடம் ஏதாவது ஒரு விலை கேட்டது. 1999-இல் வந்த எவர்குவெஸ்ட் அதை வெளிப்படையாகவே கேட்டது. பாலடின், ரேஞ்சர், ஷேடோநைட், பார்டு ஆகியோர் லெவல் ஏற 40 சதவீதம் கூடுதல் அனுபவப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். அந்தச் சுமையில் ஒரு பங்கு உடன் ஆடும் குழுவின் தலையிலும் விழுந்ததால், அவர்களைச் சேர்த்துக்கொள்ளவே பலர் தயங்கினார்கள். பிறகு அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.

வார்கிராஃப்டில் அப்படி எழுதிவைத்த விதி இல்லை. ஆனால் பூனையின் அடி ரோக்கின் அடியை எட்டாது. ஷாமனின் மின்னல் மேஜின் நெருப்புக்குக் கீழேதான் நிற்கும். ஆடுபவர்கள் இதற்கு ஹைப்ரிட் வரி என்று பெயர் வைத்தார்கள். நாற்பது பேர் வரை சேர்ந்து போகும் பெரிய ரெய்டுகளில் கிடைக்கும் கவசத் தொகுதிகள் இன்னும் தெளிவாகப் பேசின. ட்ரூயிடுக்கான செனாரியன், ஸ்டார்ம்ரேஜ், ஷாமனுக்கான எர்த்ஃபியூரி, எல்லாமே ஹீலருக்கென்று செய்தவை. உச்ச லெவலான அறுபது வரை எப்படி வேண்டுமானாலும் வா, அறுபதில் வந்து காயம் ஆற்று என்பதுதான் ஆட்டத்தின் சொல்லாத கட்டளை. வரி நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். பல வேலை தெரிந்தவர் ஒவ்வொன்றிலும் ஒரு படி கீழே நிற்பதில் குறையில்லை. ஆனால் அந்தப் பல வேலையையும் செய்ய இடமே இல்லாத நாற்பது பேர் ரெய்டிலும் அதே வரியை வாங்கியது எனக்கு ஒப்பவில்லை.

இதெல்லாம் முதல் நாளே புரிந்துவிடவில்லை. இரண்டு டாரெனை உருவாக்கி, மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தேன்.

ஷாமனின் வளர்ச்சி நான்கு டோட்டங்களின் வழியாக நடக்கிறது. டோட்டம் என்பது தரையில் நடும் சின்னக் கம்பம். ஒவ்வொன்றிலும் ஓர் இயற்கைச் சக்தி. நான்காம் லெவலில் மண், பத்தில் நெருப்பு, இருபதில் நீர், முப்பதில் காற்று. முதல் மூன்றையும் அந்தச் சக்தியின் முன்னால் போய் நின்றுதான் பெற வேண்டும். மண்ணுக்கு மருந்து குடித்தால் போதும், கல்லருகே மண்ணின் உருவம் தோன்றிப் பேசும். நீர் டோட்டம்தான் உயிரை வாங்கும். பாரன்ஸ் புல்வெளியில் தொடங்கி, கடல் கடந்து டாரன் மில் கிணறு வரை போய், திரும்பி ஆஷன்வேல் காட்டுக்கு வந்து, மறுபடி கடல் கடந்து சில்வர்பைன் வரை தோல்பையில் தண்ணீர் சுமக்க வேண்டும். சவாரி மிருகம் எதுவும் இன்னும் கைக்கு வராத லெவல் அது, எல்லாம் நடைதான். பலரும் சலித்துக்கொண்ட அந்த நடை எனக்குப் பிடித்திருந்தது. தண்ணீர் எளிதாகக் கிடைக்கக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அதற்கு நேர்மாறாகக் காற்று, தவுசண்ட் நீடில்ஸில் ஒருவரிடம் பேசினால் போதும், வந்துவிடும்.

ஷாமன் என்றால் என்ன என்று எனக்குக் காட்டியது வெய்லிங் கேவர்ன்ஸ் குகை. பாரன்ஸில் இருக்கும் அந்தக் குகையை வழிதவறிய ட்ரூயிடுகள் சிலர் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு தூக்க மந்திரம் உண்டு. ஹீலர் தூங்கினால் டேங்க் சாவார், டேங்க் தூங்கினால் எல்லாரும் சாவார்கள். பதினெட்டாம் லெவலில் ஷாமனுக்குக் கிடைக்கும் ட்ரெமர் டோட்டம் நிலத்தை அவ்வப்போது அதிரவைத்து, பயத்தையும் தூக்கத்தையும் உதறிவிடும். நான் அதை நட்டுவிட்டு என் பாட்டுக்குக் காயம் ஆற்றிக்கொண்டிருந்தேன். தூங்கியவர்கள் தாமாக எழுந்தார்கள். நானே தூங்கினாலும் என் டோட்டம் விழித்திருந்து என்னை எழுப்பியது. குழுவில் இருந்த வேட்டைக்காரர் ஒருவர், இந்தக் குகைக்கு ஷாமன் இல்லாமல் இனி வரமாட்டேன் என்று எழுதினார்.

ட்ரூயிடின் பாதை வேறு. பத்தாம் லெவலில் மூன்கிளேட் என்னும் ஏரிக்கரைக்கு ஒரு மந்திரம் கிடைக்கும். சொன்னவுடன் அங்கே போய் நிற்கலாம். வேறு எந்தக் கிளாஸுக்கும் அது கிடையாது. அங்கே வடமேற்கு மூலையில் பெருங்கரடியின் ஆவி உலாவுகிறது. வாளோ சண்டையோ இல்லை. பக்கத்தில் போய் நின்று அது சொல்வதைக் கேட்க வேண்டும். வலிமையில் கரடிக்கு உடம்பு பாதி, மனசு பாதி என்பது அதன் பாடம். நான் கேட்டுக்கொண்டு நின்றபோது எதிரணி நைட் எல்ஃப் ஒருவரும் வந்து அதே கரடியின் முன்னால் நின்றார். எங்கள் மொழி ஒருவருக்கொருவர் புரியாதபடி ஆட்டமே குழப்பிவிடும். கையசைத்தார், நானும் கையசைத்தேன். பிறகு பாரன்ஸுக்குத் திரும்பி, லூனாகிளா என்ற மிருகத்தைத் தோற்கடித்தால் கரடி உரு நம்முடையது. இருபதில் பூனை. பூனையாகி, நிறம் மங்கி, காவலாட்களின் முதுகுக்குப் பின்னால் ஊர்ந்து போன முதல் இரவில் நெடுநேரம் வேறெதுவும் செய்யாமல் முகாம் முகாமாகச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

இரண்டையும் ஆடியபோது மெல்லப் பிடிபட்டது இது. ஷாமனும் ட்ரூயிடும் ஹைப்ரிட் என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் அவர்களுடைய கலப்பு ஒரே வகை இல்லை. ஷாமனின் எல்லாத் திறமையும் ஒரே நேரத்தில் நடக்கிறது. கல்யாண வீட்டில் பந்தல் போட்டவர் பிறகு பரிமாறப் போய்விடலாம், நிழல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படித்தான் ஷாமனின் டோட்டங்கள். ஒன்று அடியைத் தாங்க, ஒன்று மந்திரத்துக்குச் செலவாகும் மனாவை ஊற வைக்க, ஒன்று நண்பனின் வாளுக்கு இன்னொரு வீச்சைக் கொடுக்க, ஷாமன் நடுவில் நின்று நாலாவது காரியத்தைப் பார்ப்பார். ட்ரூயிடிடம் எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. கரடியாக இருக்கும்போது காயம் ஆற்ற முடியாது. பூனைக்குக் கரடியின் தோல் கிடையாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மனா செலவாகும், நினைத்தபடி திரும்பத் திரும்ப மாறிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ட்ரூயிடின் திறமை எந்த நொடியில் எந்த உடம்பு என்று தீர்மானிப்பதில் இருக்கிறது. ஷாமன் தன்னைச் சுற்றியிருக்கும் நான்கு பேருக்கு எப்போதும் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே இருப்பவர். ட்ரூயிட் தேவை எங்கே வெடிக்கிறதோ அங்கே முழுசாகப் போய் விழுபவர்.

காரணங்களை எழுதிப் பார்த்தால் எல்லாம் ஷாமன் பக்கமே சாய்ந்தன. அண்ணன் வாரியர், அவர் வாளுக்கு விண்ட்ஃபியூரி டோட்டத்தைப் போல இன்னொரு துணை கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பில் கூடுதலாக ஓர் அடி விழும். கோவையிலிருந்து ஐரோப்பிய சர்வருக்குச் செய்தி போய்வரத் தாமதம் அதிகம்; முன்கூட்டியே நட்டுவைக்கும் டோட்டத்துக்கு அது பொருட்டில்லை, நொடியில் உருமாற வேண்டிய ட்ரூயிடுக்கு அது பெரிய இடைஞ்சல். ரெய்டில் ஷாமனுக்குத் தட்டுப்பாடு எப்போதும் உண்டு. டோட்டத்தின் பலன் ஐந்து பேர் கொண்ட சிறு அணிக்குள் மட்டும்தான் போகும் என்பதால், நாற்பது பேரில் எட்டு அணிக்கும் தலா ஒரு ஷாமன் வேண்டும். ட்ரூயிட் இரண்டு மூன்று பேர் இருந்தால் போதும்.

நான் ட்ரூயிடை எடுத்தேன். போன் செய்து சொன்னபோது அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. “சரி கண்ணு. அப்ப நான் செத்தா எழுப்பி விட்டுடு,” என்றார். அவர் சொன்னது ரீபர்த் என்ற மந்திரத்தை. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே இறந்தவரை எழுப்பும் வித்தை அந்தக் காலத்து ட்ரூயிடுக்குத்தான் உண்டு, அதுவும் அரை மணிக்கு ஒரு தடவை, கையில் ஒரு விதையும் வேண்டும்.

ஏன் என்று கேட்டால் ஸுல்ஃபராக்கைத்தான் சொல்வேன். டனாரிஸ் பாலைவனத்தில் மணல் ட்ரோல்களின் நகரம். அங்கே ஒரு பிரமிடின் உச்சியில் கூண்டுக்குள் இருக்கும் கைதிகளைத் திறந்துவிட்டால், கீழே இருந்து ட்ரோல்கள் அலை அலையாகப் படியேறி வருவார்கள். நாங்கள் ஐந்து பேர்: அண்ணன் டேங்க், ஒரு ப்ரீஸ்ட் ஹீலர், ஒரு மேஜ், ஒரு வார்லாக், நான் பூனை. முதல் அலை அடங்கியது. இரண்டாவது அலையில் சிலர் அண்ணனைத் தாண்டிக்கொண்டு நேராக ப்ரீஸ்ட்டிடம் போய்விட்டார்கள். அவர் விழுந்தார். அண்ணனின் உயிர்க்கோடு பாதிக்குக் கீழே. பூனையைக் கழற்றினேன். விதையைச் செலவழித்து ப்ரீஸ்ட்டை எழுப்பினேன், அவருக்கு மனா ஊறும்படி இன்னர்வேட் போட்டேன். அவர் கொஞ்சம் நிதானப்படும்வரை அண்ணனுக்குக் காயம் ஆற்றினேன். அதற்குள் மூன்று ட்ரோல்கள் மேஜைப் பிடித்துவிட்டார்கள். கரடியானேன். உறுமி ஒருவனை இழுத்து, ஒரே வீச்சில் மூவரையும் என்மேல் திருப்பிக்கொண்டு படியிலேயே நின்றேன். கரடி வாங்கும் அடிக்கெல்லாம் ப்ரீஸ்ட் பின்னால் இருந்து பச்சை எண்களை ஏற்றிக்கொண்டே இருந்தார். கடைசி ட்ரோல் விழுந்ததும் மறுபடி பூனை.

அந்தச் சில நிமிடங்களில் கிளாஸின் எல்லாப் பக்கமும் வேலை செய்தது. ஷாமனாக இருந்திருந்தால் அந்த இடத்தில் கூட்டம் இவ்வளவு சிதறியிருக்காது என்பதும் உண்மை. மண் டோட்டத்தில் ஒன்று எதிரிகளைத் தன்பக்கம் இழுக்கும், இன்னொன்று அவர்கள் கால்களைக் கட்டும். ஷாமன் நெருக்கடி வராமல் தடுத்திருப்பார். எனக்கு நெருக்கடிக்குள் இறங்கும் கைதான் வாய்த்திருக்கிறது, அதைத்தான் விரும்பினேன்.

அறுபதில் நிலைமை அண்ணன் சொன்னபடியே ஆயிற்று. நெதர்லாந்தில் இரவு எட்டு மணிக்கு ரெய்டு என்றால் குளிர்காலத்தில் இங்கே பன்னிரண்டரை. வீடு தூங்கிய பிறகு மோல்டன் கோர் என்ற ரெய்டுக்குள் நாற்பது பேராக இறங்குவோம். நான் ஹீலர். கரடியும் பூனையும் வேண்டாம். டேங்குக்கு வாரியர்கள் இருந்தார்கள், அடிக்க ரோக்குகள் இருந்தார்கள். எதிரியின்மேல் ஒரே நேரத்தில் பதினாறு பாதிப்புகள்தான் ஒட்ட முடியும் என்பதால், மூன்ஃபயர் என்ற என் மந்திரத்தைக்கூடப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வார்லாக்கின் சாபத்துக்கு அந்த இடம் வேண்டும். எனக்கென்று இருந்த தனி வேலை சாபம் நீக்குவது. அங்கிருக்கும் பெரிய எதிரிகளில் லூசிஃப்ரானின் சாபம் மந்திரங்களுக்கான செலவை இரட்டிப்பாக்கும். கெஹென்னஸின் சாபம் காயம் ஆற்றும் சக்தியை முக்கால் பங்கு குறைக்கும். அதை எடுக்க மேஜும் ட்ரூயிடும் வேண்டும். மற்ற நேரமெல்லாம் ஹீலிங் டச் என்ற ஆற்றும் மந்திரத்தின் நான்காம் படி, திரும்பத் திரும்ப. மனா நீடிக்க அந்தப் படிதான் கணக்குக்கு ஒத்துவரும்.

அந்த வரிசையில் என் பக்கத்தில் நின்ற ஷாமன்களைப் பார்ப்பேன். அவர்களும் ஹீலர்கள்தான். ஆனால் காயம் ஆற்றிக்கொண்டே டோட்டம் நட்டார்கள், மேக்மடார் என்ற எதிரியின் பயமுறுத்தலை ட்ரெமரால் உதறினார்கள், அண்ணனின் அணிக்கு விண்ட்ஃபியூரி கொடுத்தார்கள். நாற்பது பேருக்கு நடுவிலும் அவர்கள் ஹைப்ரிட்டாகவே இருந்தார்கள். ட்ரூயிடின் கலப்பு கூட்டம் பெருகப் பெருகச் சுருங்குகிறது, ஷாமனின் கலப்பு சுருங்குவதில்லை. இந்த வேறுபாட்டை யாராவது ஆரம்பத்திலேயே எனக்குச் சொல்லியிருந்தாலும் நான் ட்ரூயிடைத்தான் எடுத்திருப்பேன். ரெய்டு வாரத்துக்கு ஓரிரு இரவு. மீதி இரவுகளெல்லாம் ஐந்து பேரின் நிலவறைகள், அங்கே எனக்கு மூன்று உடம்பும் வேண்டியிருந்தது. திறமைப் புள்ளிகளைக் கழற்றி மாற்றி அடுக்க ஒவ்வொரு முறையும் ஐம்பது பொன் வரை கேட்பார்கள். மூலிகை பறித்து விற்று அதைச் சேர்த்தேன். டாரெனுக்கு மூலிகைக் கை இயல்பிலேயே உண்டு. பையில் மூன்று தொகுதி உடை, அதற்குப் பிறகு மீந்த இடத்தில்தான் மற்றதெல்லாம்.

2021 ஜூனில் ‘பர்னிங் க்ரூசேட்’ கிளாசிக் வந்தது. நாற்பது பேர் ரெய்டு முடிவுக்கு வந்து, இருபத்தைந்து பேரும் பத்துப் பேருமாக மாறியது. கரடிக்கு வாரியர்கள் மதிக்கும் தோல் கிடைத்தது. ஃபெரல் என்ற விலங்குருத் திறமைகளை ஒரு முறை அடுக்கினால் அதே அடுக்கில் டேங்காகவும் நிற்கலாம், பூனையாக அடிக்கவும் செய்யலாம். ஷாமனுக்கு பிளட்லஸ்ட் வந்தது: அணி முழுக்க நாற்பது நொடி முப்பது சதவீத வேகம். ஷாமனைத் தேடி எல்லாரும் அலைந்தார்கள். அண்ணன் அப்போது வாரியரைக் கீழே வைத்துவிட்டு, தானே ஒரு ஷாமனைத் தொடங்கினார். இத்தனை நாள் வாங்கிக்கொண்டிருந்ததைக் கொடுத்துப் பார்க்கணும் என்றார்.

கரஸான் கோட்டைக்குப் பத்துப் பேராகப் போனோம். அங்கே மொரோஸ் என்ற எதிரிக்கு இரண்டு டேங்க் வேண்டும். முன்னால் நிற்பவரை அவன் செயலற்றுப் போகச் செய்யும்போது அடுத்தவர் ஏந்திக்கொள்ள வேண்டும். அங்கே நான் கரடி. ஷேட் ஆஃப் ஏரன் என்ற இன்னொரு எதிரியை யாரும் டேங்க் செய்ய முடியாது; அவன் நினைத்தவர்மேல் நினைத்ததை எறிவான். அங்கே நான் பூனை. யாராவது விழுந்தால் கையில் ஒரு விதை. ஷாமன் அண்ணன் என் அணியில் இருந்தார். விலங்கு உருவில் இருக்கும் ட்ரூயிடின் நகத்தில் விண்ட்ஃபியூரி ஒட்டாது, அது கையில் பிடித்த ஆயுதத்துக்கு மட்டும்தான். அணியில் ரோக் வராத வாரங்களில் அண்ணன் அதைத் தவிர்த்துவிட்டு, பூனைக்குப் பயன்படும் கிரேஸ் ஆஃப் ஏர் டோட்டத்தை நடுவார். நான் முன்னால் நகர்ந்துவிட்டால், “எட்டாம போயிட்டே கண்ணு, பின்னால வா,” என்பார்.